பெயரின் நடுவில் ஒரு எண்: கன்பூசியஸின் வம்சாவளியைப் படிப்பது எப்படி?

கொங் டெசெங் என்று ஒருவர். 1920இல் சீனாவின் சூஃபு நகரில் பிறந்தார், 2008இல் தைவானில் மறைந்தார். சீன வம்சாவளி படிக்கப் பழகிய ஒருவரிடம் இந்தப் பெயரைச் சீன எழுத்தில் எழுதிக் காட்டினால் போதும். ஊர், வயது எதையும் கேட்காமல், "கன்பூசியஸின் 77ஆம் தலைமுறைக்காரர்" என்று சொல்லிவிடுவார்.

அந்த எண் பெயருக்குள்ளேயே இருக்கிறது. முதல் எழுத்து 'கொங்', குடும்பப் பெயர். நடுவில் நிற்கும் 'டெ' தலைமுறை எழுத்து. கடைசியில் வரும் 'செங்' மட்டும்தான் அவருக்கென்று தனியாக வைத்தது. அவருடைய அப்பா பெயர் கொங் லிங்யி. 'லிங்' என்றால் 76. மகன் கொங் வெய்யி, 'வெய்' 78. பேரன் கொங் சுய்சாங், 'சுய்' 79. 2006இல் பிறந்த கொள்ளுப்பேரன் பெயரின் நடுவில் 'யோ' இருக்கிறது, அது 80.

கன்பூசியஸ் என்பது ஐரோப்பியப் பாதிரிமார் லத்தீனில் ஆக்கிக்கொண்ட பெயர். அவருடைய சொந்தப் பெயர் கொங் சியூ. கி.மு. 551இல் இன்றைய ஷான்டோங் மாகாணத்தில் இருந்த லு என்ற சிறு நாட்டில் பிறந்தார், கி.மு. 479இல் மறைந்தார். அவர் தொடங்கி இன்றுவரை அப்பா, மகன், பேரன் என்று எழுதி வைத்த கொடிவழி ஒன்று இருக்கிறது. உலகின் மிக நீண்ட குடும்ப மரம் என்று 2005இல் கின்னஸ் ஏற்றுக்கொண்டது. இவ்வளவு நீளம் எப்படிக் கிடைத்தது என்பதற்கு ரத்தத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது. அது எழுத்து வேலை. தலைமுறைக்குத் தலைமுறை யாரோ ஒருவர் உட்கார்ந்து பெயர்களைச் சரிபார்த்து எழுதியதால் வந்த நீளம். அந்த வேலை எப்படி நடந்தது, எங்கே அறுந்தது, எப்படி ஒட்டவைத்தார்கள் என்று பார்த்தால் வம்சாவளி படிப்பதன் அடிப்படை முழுவதும் பிடிபட்டுவிடும்.

எண்ணத் தொடங்குவது எங்கே?

கன்பூசியஸ்தான் முதல் தலைமுறை. அவர் மகன் இரண்டு, பேரன் மூன்று. ஆகவே 77ஆம் தலைமுறைக்காரருக்கும் கன்பூசியஸுக்கும் நடுவே 76 படிகள்தான். புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறார்கள்.

எண் நம்பத்தக்கதா என்று பார்க்க ஒரு எளிய கணக்கு உண்டு. கி.மு. 551இலிருந்து கி.பி. 1920 வரை 2470 ஆண்டுகள். 551ஐயும் 1920ஐயும் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும், ஏனென்றால் சுழியம் என்ற ஆண்டு கிடையாது. அதை 76ஆல் வகுத்தால் தலைமுறைக்கு 32.5 ஆண்டு. தந்தை வழியில் 28 முதல் 35 ஆண்டு வரை இயல்பு. யாராவது ஒரு கொடிவழியைக் கொண்டுவந்து, அதில் சராசரி 18 என்றோ 50 என்றோ வந்தால், நடுவில் பெயர்கள் நுழைக்கப்பட்டிருக்கின்றன, அல்லது விடுபட்டிருக்கின்றன என்று பொருள்.

சராசரி என்பது சராசரிதான். மூத்த மகனுக்கு மூத்த மகன் என்று போகும் கிளை வேகமாக இறங்கும். கடைசி மகனுக்குக் கடைசி மகன் என்று போகும் கிளை மெதுவாக இறங்கும். இரண்டாயிரம் ஆண்டில் இந்த வித்தியாசம் பெரிதாகிவிடுகிறது. தன்னைவிட வயதில் சின்னவரைச் 'சித்தப்பா' என்று கூப்பிடுவது நம் வீடுகளிலும் நடப்பதுதான். சீனக் குடியரசின் நிதியமைச்சராக இருந்த கொங் ஷியாங்ஷி 75ஆம் தலைமுறை எழுத்துக்காரர். 'ஷியாங்' என்றால் 75. கன்பூசியஸ் வழியின் தலைவராக இருந்த கொங் லிங்யி 1872இல் பிறந்தவர், நிதியமைச்சரைவிடப் பல ஆண்டு மூத்தவர். ஆனால் தலைமுறை 76. முறைப்படி வயதில் மூத்தவரே ஒரு படி கீழே. வம்சாவளி ஏட்டில் வயது பேசாது, படிதான் பேசும்.

தலைமுறை எழுத்துகள்

இந்த எழுத்து வரிசை தொடக்கத்திலிருந்து இருந்ததில்லை. மிங் வம்ச காலத்தில்தான் 56ஆம் தலைமுறை முதல் எல்லாக் கிளைகளுக்கும் பொதுவாகப் பத்து எழுத்துகள் நிலைப்பட்டன. பிறகு சிங் வம்ச காலத்தில் அது நீண்டு 85ஆம் தலைமுறை வரை வந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கொங் லிங்யி இன்னும் இருபது எழுத்துகள் சேர்த்தார். இப்போது வரிசை 105 வரை எழுதப்பட்டிருக்கிறது. எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் நற்குணத்தைக் காத்து அடுத்தவருக்கு ஒப்படைப்பதைப் பற்றிய கவிதை மாதிரி இருக்கும். மனப்பாடம் செய்ய அது வசதி.

61ஆம் தலைமுறைக்கு 'ஹோங்', 62க்கு 'வென்', 63க்கு 'ஜென்', 64க்கு 'ஷாங்'. சீன நாடக இலக்கியத்தில் பெரிய பெயரான கொங் ஷாங்ரென் 64ஆம் தலைமுறை என்பது இதிலிருந்து தெரியும். அவர் 1648இல் பிறந்தவர், கணக்குப் போட்டால் தலைமுறைக்குச் சுமார் 35 ஆண்டு வருகிறது. பொருந்துகிறது.

ஆனால் 56க்கு முந்தைய பெயர்களை இப்படிப் படிக்கக் கூடாது. ஹான் வம்சக் கடைசியில் வாழ்ந்த அறிஞர் கொங் ரோங் 20ஆம் தலைமுறை என்று ஏடு சொல்கிறது. அவர் பெயரிலிருந்து அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அங்கே ஏட்டைத்தான் புரட்ட வேண்டும்.

ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. 57க்கான எழுத்தும் 'யான்', 59க்கானதும் 'யான்', 65க்கானதும் 'யான்'. சீன எழுத்தில் மூன்றும் வெவ்வேறு. ஏற்ற இறக்கமும் வேறு. தமிழிலோ ரோமன் எழுத்திலோ எழுதினால் மூன்றும் ஒன்றாகிவிடும். 72க்கும் 84க்கும் இதே சிக்கல், இரண்டும் 'ஷியான்'. எனவே மூல எழுத்தைப் பார்க்காமல் தலைமுறை எண்ணைச் சொல்லவே கூடாது.

மூல எழுத்தே மாறிப்போன இடங்களும் இருக்கின்றன. அரசரின் பெயரில் உள்ள எழுத்தைக் குடிமக்கள் எழுதக் கூடாது என்பது பழைய சீன வழக்கம். சியென்லோங் பேரரசரின் இயற்பெயர் ஹோங்லி. அதனால் 61ஆம் தலைமுறையின் 'ஹோங்' அதே ஒலியுள்ள வேறொரு எழுத்தாக மாற்றி எழுதப்பட்டது. ஒரே தலைமுறை அண்ணன் தம்பிகள் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தால் அவர்கள் வேறு குடும்பம் என்று அவசரப்பட்டு முடிவு செய்யாமல், அந்த ஏடு எந்த ஆட்சியில் அச்சானது என்று பாருங்கள். கன்பூசியஸின் பெயரான 'சியூ'வுக்கும் இந்த மரியாதை கிடைத்தது. அதே எழுத்தைக் குடும்பப் பெயராக வைத்திருந்தவர்கள் 1725இல் பக்கத்தில் இன்னொரு குறியைச் சேர்த்து எழுத வேண்டியதாயிற்று. இன்றும் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

இன்னொன்று: மென்சியஸ், யான் ஹுய், செங்சி ஆகிய ஞானிகளின் வழிவந்த குடும்பங்களும் இதே எழுத்து வரிசையைப் பயன்படுத்துகின்றன. எழுத்து பொது, ஆனால் எண் எல்லாக் குடும்பத்திலும் ஒன்றல்ல. 'ஜி' என்பது கொங் குடும்பத்தில் 69. செங் குடும்பத்தில் அது வேறு எண்.

கொங் என்று பெயர் இருந்தால் போதுமா?

போதாது. கன்பூசியஸின் முன்னோர் லு நாட்டுக்காரர்களே அல்லர். தெற்கே இருந்த சோங் நாட்டின் பிரபுக்கள். அந்த நாட்டு அரச குடும்பம் பழைய ஷாங் பேரரசர்களின் வழி. அவர்களில் கொங்ஃபு ஜியா என்ற அமைச்சர் கி.மு. 710இல் அரண்மனைச் சதியில் கொல்லப்பட்டார். அவர் பெயரின் 'கொங்' என்ற பகுதியைத்தான் வாரிசுகள் குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். பிறகு அந்தக் குடும்பம் லு நாட்டுக்கு வந்து சேர்ந்தது.

அதே காலத்தில் வேறு நாடுகளிலும் 'கொங்' என்ற பெயரில் குடும்பங்கள் இருந்தன. சான்று கன்பூசியஸின் சொற்களைத் தொகுத்த 'லுன் யூ' நூலிலேயே இருக்கிறது. அதில் கொங் வென்சி என்ற வெய் நாட்டு அமைச்சரைப் பற்றி ஒரு சீடர் கேட்கிறார். அந்தக் கொங்குக்கும் கன்பூசியஸுக்கும் உறவு கிடையாது. ஆக, இன்று கொங் என்ற பெயருள்ள ஒருவர் கன்பூசியஸ் வழியாகவும் இருக்கலாம், வெய் நாட்டு வழியாகவும் இருக்கலாம்.

சீனாவுக்கு வெளியே போனால் பெயரின் ஒலியும் மாறுகிறது. கான்டனீஸ் பேசும் ஹாங்காங்கில் இதே எழுத்து 'ஹுங்'; கொரியாவில் 'கோங்'; வியட்நாமில் 'கோங்' என்பதற்கு நெருக்கமாக, மூச்சை அழுத்திச் சொல்வார்கள். கான்டனீஸில் 'ஹுங்' என்று ஒலிக்கும் வேறு குடும்பப் பெயரும் இருப்பதால் அங்கேயும் எழுத்தைப் பார்த்தே தீர வேண்டும். கொரியக் கிளைக்குத் தெளிவான தொடக்கம் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் மங்கோலிய இளவரசி ஒருவர் கொரியாவை ஆண்ட கொர்யோ வம்ச அரசரை மணந்து வந்தபோது உடன் வந்த 54ஆம் தலைமுறைக்காரர் ஒருவரைத் தங்கள் முதல்வராகச் சொல்கிறார்கள். தங்களை இன்றும் 'சூஃபு கோங்' என்றே அழைக்கிறார்கள்.

முதல் மூன்று தலைமுறை

கன்பூசியஸின் அப்பா ஷுலியாங் ஹெ ஒரு படைவீரர். முதல் மனைவிக்கு ஒன்பது பெண்கள் என்றும், வேறொருத்திக்குப் பிறந்த மெங்பி என்ற மகனுக்குக் காலில் ஊனம் என்றும் மரபு சொல்கிறது. முதிய வயதில் யான் ஜெங்சாய் என்ற இளம்பெண்ணிடம் பெற்ற மகன்தான் கன்பூசியஸ். மகனுக்கு மூன்று வயதாகும்போது அப்பா போய்விட்டார். கன்பூசியஸின் மரியாதைப் பெயர் 'ஜோங்னி'. 'ஜோங்' என்றால் இரண்டாமவர். அண்ணன் ஒருவர் இருந்தார் என்பதைப் பெயரே சொல்கிறது.

கன்பூசியஸுக்கு மகன் பிறந்தபோது லு நாட்டு அரசர் ஒரு கெண்டை மீனை அனுப்பி வைத்தார் என்றும், அந்த மரியாதைக்காக மகனுக்கு 'லி', அதாவது கெண்டை என்றே பெயர் வைத்தார் என்றும் சொல்வார்கள். மரியாதைப் பெயர் 'போயூ', மூத்த மீன். இந்த மகன் அப்பாவுக்கு முன்பே இறந்தார். அவரை அடக்கம் செய்தபோது உள்பெட்டி மட்டுமே இருந்தது, வெளிப்பெட்டி இல்லை என்று கன்பூசியஸே சொல்வதாக 'லுன் யூ'வில் வருகிறது. மூன்றாம் தலைமுறை கொங் ஜி, 'ட்சிசி' என்ற பெயரால் அறியப்பட்டவர். 'நடுநிலை'யைப் பற்றிய புகழ்பெற்ற நூலை மரபு இவர் பெயரில் சேர்க்கிறது.

சூஃபுவில் இந்த மூவரின் கல்லறைகளும் ஒன்றாக இருக்கின்றன. கன்பூசியஸுக்குக் கிழக்கே மகன், தெற்கே பேரன். மகனைக் கையில் பிடித்துக்கொண்டு பேரனை மடியில் வைத்திருப்பதுபோன்ற அமைப்பு என்று சீனர்கள் இதைச் சொல்வார்கள்.

மிகப் பழைய இந்தப் பகுதியில்தான் ஆதாரத்தைச் சோதிக்கக் கற்றுக்கொள்ளலாம். கி.மு. 1ஆம் நூற்றாண்டையொட்டி வரலாறு எழுதிய சிமா சியென், கன்பூசியஸுக்கென ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கி, வாரிசுகள் பத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயரையும் பலரின் வயதையும் கொடுத்திருக்கிறார். அதில் ட்சிசி 62 வயதில் இறந்தார் என்று இருக்கிறது. இப்போது கணக்கைப் பாருங்கள். அவருடைய அப்பா இறந்தது கி.மு. 483 வாக்கில். அப்பா இறந்த பிறகு பிறந்தார் என்றே வைத்துக்கொண்டாலும் ட்சிசி கி.மு. 482க்குப் பிறகு பிறந்திருக்க முடியாது. 62 ஆண்டு வாழ்ந்தால் கி.மு. 420ஐத் தாண்ட முடியாது. ஆனால் அவர் லு நாட்டின் மூ என்ற அரசருக்கு அறிவுரை சொன்னதாக மென்சியஸ் கூறுகிறார். மூ அரியணை ஏறியது கி.மு. 415க்கு முன்பு அல்ல. ஏதோ ஒன்று தவறு. '82' என்பது படியெடுக்கும்போது '62' ஆகியிருக்கலாம் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். சீன எழுத்தில் எட்டும் ஆறும் தேய்ந்த ஏட்டில் எளிதில் குழம்பக்கூடியவை.

வயதைப் பற்றி மேலும் ஒரு குறிப்பு. பழைய சீன வழக்கில் பிறந்த உடனேயே ஒரு வயது. அதனால்தான் கன்பூசியஸ் 73 வயதில் மறைந்தார் என்று ஏடுகள் சொல்லும். நம் கணக்கில் 71 அல்லது 72.

ஏட்டுக்குள் என்ன இருக்கும்?

சீனத்தில் வம்சாவளி ஏட்டுக்கு 'ஜியாபு' என்று பெயர். 'ஜியா' வீடு, 'பு' பதிவேடு. முன்னுரை, குடும்பம் தோன்றிய கதை, தலைமுறை எழுத்துகள், குடும்ப விதிகள், கல்லறை இடங்கள் எல்லாம் முன்னால் வரும். அதன் உயிர் கொடிவழி அட்டவணையில்தான் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் நிலைபெற்ற முறைப்படி ஒரு பக்கத்தில் ஐந்து தலைமுறைகள் மேலிருந்து கீழாக அடுக்கப்படும். ஐந்தாமவர் அடுத்த பக்கத்தில் மறுபடி முதலாமவராக வருவார். இந்த 'மறுபடி வருவதை'க் கவனிக்காமல் எண்ணினால் ஐந்து தலைமுறைக்கு ஒன்று கூடுதலாகிவிடும். 77 என்பது 90ஐத் தாண்டிப்போகும்.

ஒவ்வொருவருக்கும் கீழே சிறு குறிப்பு இருக்கும்: இயற்பெயர், மரியாதைப் பெயர், பிறந்த இறந்த ஆண்டு, வகித்த பதவி, மனைவியின் குடும்பப் பெயர், மகன்கள் எத்தனை, எங்கே புதைத்தார்கள். வாரிசு இல்லாதவருக்குக் கீழே கொடி நின்றுவிட்டது என்று எழுதிவிடுவார்கள். அண்ணன் தம்பி பிள்ளையைத் தத்தெடுத்தால் அதுவும் இரண்டு இடத்திலும் பதிவாகும். பெற்றவரின் கீழ் 'இன்னாருக்குச் சென்றார்' என்று, வளர்த்தவரின் கீழ் மகனாக. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் ஒரே ஆளை இரண்டு ஆளாக எண்ணிவிடுவோம்.

ஆண்டுகள் பெரும்பாலும் 60 ஆண்டுச் சுழற்சியில் எழுதப்பட்டிருக்கும். நம் பிரபவ முதல் அட்சய வரையான சுழற்சிபோலவே அதுவும் அறுபதில் திரும்பி வரும். ஆட்சியாளர் பெயர் இல்லாமல் சுழற்சிப் பெயர் மட்டும் இருந்தால் 60 ஆண்டு முன்பின் போய்விட வாய்ப்பு உண்டு. அப்பா பிறந்த ஆண்டுக்கும் மகன் பிறந்த ஆண்டுக்கும் இடையே 15க்குக் குறைவாகவோ 70க்கு அதிகமாகவோ வந்தால் முதலில் இந்தப் பிழையைத்தான் தேட வேண்டும்.

கொங் குடும்ப ஏடு நீண்ட காலம் கையெழுத்துப் பிரதியாகவே இருந்தது. முதலில் அச்சேறியது 1085 வாக்கில், 46ஆம் தலைமுறைக்காரரான கொங் சோங்ஹான் முயற்சியில். 30 ஆண்டுக்கு ஒருமுறை சிறு திருத்தம், 60 ஆண்டுக்கு ஒருமுறை பெரும் திருத்தம் என்பது விதி. விதி எப்போதும் காப்பாற்றப்படவில்லை. போர்களும் பஞ்சங்களும் குறுக்கே வந்தன. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பெரும் திருத்தங்கள் நடந்தன. அதற்குப் பிறகு 1930களில், கொங் டெசெங் தலைமையில், 1937இல் முடிந்த பதிப்பு. அதில் சுமார் 5,60,000 பேர்.

கொடி அறுந்த இடங்கள்

மிகப் பயங்கரமான அறுப்பு 10ஆம் நூற்றாண்டில். டாங் வம்சம் விழுந்து சீனா சிதறிக் கிடந்த நேரம். கொங் வீட்டில் வேலை பார்த்த குடும்பம் ஒன்று எஜமானரின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டிருந்தது. அதில் வந்த கொங் மோ என்பவன் 913இல் 42ஆம் தலைமுறை வாரிசான கொங் குவாங்சியைக் கொன்றுவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தான். ஒன்பது மாதக் குழந்தையான கொங் ரென்யூவைச் செவிலித்தாய் ஜாங் தன் மகனாக மறைத்து வளர்த்தாள். தன் சொந்த மகனைப் பறிகொடுத்தே அதைச் செய்தாள் என்கிறது குடும்ப மரபு. 930இல் உண்மை அரசவைக்கு எட்டி, கொங் மோ தண்டிக்கப்பட்டு, ரென்யூ 43ஆம் தலைமுறை வாரிசாக ஏற்கப்பட்டார். குடும்பத்துக்குப் 'புத்துயிர் தந்த மூதாதை' என்று அவரை அழைக்கிறார்கள்.

இதன் விளைவு வம்சாவளி படிப்பவருக்கு மிக முக்கியம். சூஃபுவின் கொங் பங்காளிகள் எல்லோரும் அந்த ஒரே குழந்தையின் வழி என்று ஏடு சொல்கிறது. அவர்கள் 'உள் கொங்'. கொங் மோவின் ஆட்கள் வழி வந்தவர்கள் 'வெளி கொங்'. பெயர் ஒன்றுதான், ஏட்டில் இடமில்லை. டாங் காலத்திலேயே தெற்கே போய்விட்ட கிளைகள் இந்தக் கொலைக்கு வெளியே தப்பின. பின்னாளில் ஏடு திருத்தும்போதெல்லாம் இவ்வளவு கெடுபிடி ஏன் என்பதற்குப் பதில் இங்கே இருக்கிறது. உள்ளே வர விரும்பும் ஒவ்வொரு பெயரும் இன்னொரு கொங் மோவாக இருக்கலாம் என்ற பயம் அது.

அடுத்தது 1120களின் இறுதி. வடகிழக்கிலிருந்து வந்த ஜுர்சென் இனத்தவர் வட சீனாவைப் பிடித்தபோது 48ஆம் தலைமுறை வாரிசு கொங் டுவான்யோ அப்போது ஆண்ட சோங் வம்சப் பேரரசரோடு தெற்கே ஓடி, இன்றைய ஜெஜியாங் மாகாணத்தின் சூஜோவில் குடியேறினார். தம்பி டுவான்சாவ் சூஃபுவிலேயே தங்கினார். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. தம்பியின் மகனையே தத்தெடுத்தார். தம்பியின் இன்னொரு மகனை வடக்கை ஆண்டவர்கள் அங்கே வாரிசாக்கினார்கள். ஆக, தெற்குக் கிளை வடக்குக் கிளை என்று பெரிதாகப் பேசப்படும் இரண்டும் ரத்தப்படி பார்த்தால் ஒரே தகப்பனின் இரண்டு மகன்கள். 1282இல் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் தெற்குக் கிளையின் கொங் ஜுவை வடக்கே வரச் சொன்னபோது, தன் முன்னோர் கல்லறைகள் சூஜோவில் இருப்பதைச் சொல்லி, பட்டத்தை வடக்குப் பங்காளிகளுக்கே விட்டுக்கொடுத்துவிட்டார். நாற்காலிக்காக அண்ணன் தம்பி வெட்டிக்கொண்ட கதைகளே நிறைந்த வரலாற்றில் இது அபூர்வம்.

அரசுக்கு இதில் என்ன அக்கறை?

எந்த வம்சம் ஆட்சிக்கு வந்தாலும் கன்பூசியஸுக்குப் பூசை செய்யத் தலைமை வாரிசு ஒருவர் தேவைப்பட்டார். கி.மு. 195இல் ஹான் வம்சத்தை நிறுவிய பேரரசரே சூஃபுவுக்கு வந்து பலி கொடுத்தார். 1055இல் 46ஆம் தலைமுறையின் கொங் சோங்யுவானுக்கு 'யான்ஷெங் கோமகன்', அதாவது ஞானியின் வழியைப் பெருக்கும் கோமகன், என்ற பட்டம் கிடைத்தது. அது 1935 வரை, கிட்டத்தட்ட 880 ஆண்டுகள் நீடித்தது. பட்டத்தோடு நிலமும் வரிச் சலுகையும் வந்தன. எனவே யார் உண்மையான வாரிசு என்பது குடும்ப விவகாரமாக மட்டும் இருக்கவில்லை.

அதைக் கண்ணால் பார்க்க 1920 பிப்ரவரிக்குப் போக வேண்டும். கொங் லிங்யி முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். அவருடைய துணைவி வயிற்றில் குழந்தை. ஆண் குழந்தை பிறந்தால் அது அடுத்த கோமகன். குழந்தையை யாராவது மாற்றிவைத்துவிடக் கூடாதே என்று பிரசவத்தின்போது மாளிகையைச் சுற்றிப் படைவீரர்கள் நிறுத்தப்பட்டார்கள். பிறந்தது கொங் டெசெங். தாய் சில நாட்களிலேயே இறந்துபோனார். குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போதே கோமகனாக்கப்பட்டது. 1935இல் பட்டம் 'கன்பூசியஸுக்குப் பூசை செய்யும் அலுவலர்' என்று மாற்றப்பட்டது. இப்போது அந்தப் பொறுப்பு தைவானில் பேரன் கொங் சுய்சாங்கிடம் இருக்கிறது.

சூஃபுவில் நடந்தது வேறு. 1966 நவம்பரில் பண்பாட்டுப் புரட்சியின் செங்காவலர்கள் பெய்ஜிங்கிலிருந்து வந்து கன்பூசியஸின் கல்லறைக் கல்லை உடைத்தார்கள், கொங் லிங்யியின் கல்லறையைத் தோண்டினார்கள். இன்று நிற்பது உடைந்த துண்டுகளை ஒட்டிச் சேர்த்த கல். ஆனால் 1534 முதல் 1948 வரையான கொங் மாளிகை ஆவணங்கள் தப்பின. நிலக் குத்தகை, வழக்கு, பூசைச் செலவு, பங்காளிச் சண்டை என்று எல்லாம் அதில் இருக்கின்றன. வம்சாவளி ஏடு சொல்லாமல் விட்டதை இந்தக் காகிதங்கள்தான் சொல்கின்றன.

ஒருவர் தன் வழியைத் தேடினால்

வீட்டிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். கன்பூசியஸிலிருந்து கீழே வரக் கூடாது. மேலிருந்து வருகிறவர்கள் பெயர் ஒத்துப்போகும் ஏதோ ஒரு கிளையில் தங்களை ஒட்டவைத்துக்கொள்வார்கள். முதலில் தாத்தா, பூட்டன் பெயர்களைச் சீன எழுத்தில் திரட்டி, தலைமுறை எழுத்துகள் வரிசையாக இறங்குகின்றனவா என்று பார்ப்பது. அடுத்து, பூர்விகக் கிராமம் எது என்பது. சூஃபுப் பங்காளிகள் மிங் காலத்தில் 60 'ஹு' என்ற பிரிவுகளாக வகுக்கப்பட்டார்கள். எந்த ஹு என்று தெரிந்துவிட்டால் தேடும் இடம் அறுபதில் ஒன்றாகச் சுருங்கிவிடும். பிறகு கிராமத்துக் கிளை ஏட்டை 1937 பதிப்போடு ஒப்பிட வேண்டும். கல்லறைக் கற்களையும் விடக் கூடாது. கொங் வனத்தில், சுமார் 200 ஹெக்டேர் பரப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ள அந்தக் காட்டில், பல கற்களில் தலைமுறை எண்ணே பொறித்திருக்கிறது.

தலைமுறை எழுத்து பொருந்துவதால் மட்டும் உறவு உறுதியாகாது. அந்த எழுத்துகள் எல்லோருக்கும் தெரிந்தவை. யார் வேண்டுமானாலும் குழந்தைக்கு வைக்கலாம். எழுத்து, ஊர், ஏடு மூன்றும் ஒரே ஆளைக் காட்ட வேண்டும்.

மரபணுச் சோதனை தீர்த்துவிடாதா என்று கேட்பார்கள். அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமை வைத்து இருவர் ஒரே ஆண் வழியா என்று பார்க்க முடியும். ஆனால் ஒப்பிடுவதற்குக் கன்பூசியஸின் மாதிரி நம்மிடம் இல்லை. இன்றைய கொங்குகள் தங்களுக்குள் பொருந்துகிறார்களா என்றுதான் சொல்லலாம். ஒரே ஒரு தத்துப்பிள்ளை நடுவில் வெளியிலிருந்து வந்திருந்தால் அதற்குக் கீழே எல்லாம் மாறிவிடும். கொங் ஏட்டின் 2009 பதிப்பு பழைய ஏடுகளையும் சான்றுகளையும் வைத்தே தயாரானது, மரபணுவை வைத்து அல்ல. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். குடும்பம் யாரைத் தன் பிள்ளை என்று எழுதியது என்பதைத்தான் வம்சாவளி ஏடு சொல்கிறது. அந்தக் கேள்விக்கு ரத்தக் குழாயில் பதில் கிடையாது.

2009 செப்டம்பரில் சூஃபுவில் வெளியான அந்தப் பதிப்பு 80 தொகுதிகள், சுமார் 43,000 பக்கங்கள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். கொங் டெயோங் என்ற 77ஆம் தலைமுறைக்காரர் முன்னின்று நடத்தினார். பெயரின் நடுவில் 'டெ' இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். முந்தைய பதிப்புகள் வெளியே நிறுத்தியவர்கள் பலர் இதில் உள்ளே வந்தார்கள்: வெளிநாடுகளில் வாழ்பவர்கள், இஸ்லாமியக் குடும்பங்களில் மணந்து ஹுய் இனத்தவரான கொங்குகள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண்கள். அதுவரை ஏட்டில் பெண் என்றால் 'இன்ன குடும்பத்திலிருந்து வந்த மனைவி' மட்டும்தான்.

கன்பூசியஸுக்கு ஒரு மகளும் இருந்தாள். செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் கிடந்த கோங்யே சாங் என்ற சீடருக்கு, அது அவன் தவறல்ல என்று சொல்லி, மகளை மணம் முடித்துக் கொடுத்தார். 'லுன் யூ'வில் மருமகன் பெயர் இருக்கிறது. மகளின் பெயர் இல்லை.